சாமந்திப் பிரெசிடெண்டும் பன்னிரண்டு சுற்றும்

எங்கள் ஊராட்சியில் இன்றைக்குப் பிரெசிடெண்ட் கிடையாது. பதவிக்காலம் முடிந்துபோய், தனி அலுவலர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். ஆனால் முன்னாள் பிரெசிடெண்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐந்து பேரிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

நாற்காலியில் இருக்கும்வரை எல்லாருக்கும் ஒரே பேர்தான், பிரெசிடெண்ட். இறங்கிய மறுநாள்தான் ஊர் அவருக்குப் பேர் வைக்கும். முதலாமவர் தெருவுக்குத் தெரு டியூப்லைட் போட்டார். அதில் பாதி எரியவில்லை என்றாலும் அவர் 'லைட்டுப் பிரெசிடெண்டு'. அடுத்து வந்த அம்மா முதல் கூட்டத்தில் கைநாட்டு வைத்தவர், கடைசிக் கூட்டத்தில் தீர்மானத்தைத் தானே எழுதினார். அவர் 'டீச்சர் பிரெசிடெண்டு'. நான்காமவர் 'மினிடேங்க் பிரெசிடெண்டு'. ஐந்தாமவர் பாவம், வந்ததும் ஊரடங்கு வந்தது. ஒரு வருஷம் முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவியதில் 'கொரோனாப் பிரெசிடெண்டு' ஆகிப்போனார். எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்: "ஏறினவன ஊரு பாக்கும், எறங்கினவன ஊரு பேசும்." ஐந்து வருஷத்து வேலையை ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுவார்கள். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

மூன்றாமவரை விட்டுவிட்டேனே என்று நினைப்பீர்கள். வேண்டுமென்றுதான் விட்டேன். அவர் பேர் மாதையன். ஊர் அவருக்கு வைத்த பேர் 'சாமந்திப் பிரெசிடெண்டு'. அந்தப் பேரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். பதினான்கு வருஷம் அது எனக்கே தெரியாது.

நான் பெருமாள் கோவில் பூசாரி மகன் கோவிந்தன். எட்டாவதோடு படிப்பு நின்றது. பெங்களூரில் கட்டட வேலை, தொப்பூர்க் கணவாயில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டும் வேலை எல்லாம் செய்துவிட்டு ஊருக்கு வந்தபோது, ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர் வேலை காலியாக இருந்தது. போர்வெல் மெக்கானிக் ஒருவர் பின்னால் எட்டு நாள் சுற்றினேன். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, மாதம் இரண்டு தடவை டேங்க் கழுவி அந்தத் தேதியைத் தூணில் எழுதுவது. அவ்வளவுதான் என் படிப்பு. மீதியை இருபத்தைந்து வருஷம் தெருக் குழாயடிப் பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களைவிடக் கண்டிப்பான வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை.

இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றேன். இப்போது அந்த வேலையில் இருப்பது செல்வி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வேலையில் கெட்டி. அவள்தான், "அண்ணா, இத நீங்க எழுதியே ஆகணும், இல்லீன்னா நாளைக்கு வேற மாரி பேசிருவாங்க" என்று நச்சரித்தாள். எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரே ஒரு பெரிய டேங்க், அதிலிருந்து இரண்டு கிளை. ஒன்று கீழ்த்தெருவுக்கு, ஒன்று மேட்டுத்தெருவுக்கு. மேட்டுத்தெரு முக்கில் ஒரு குழி, அதற்குள் வால்வு. மேலே குறுக்குக் கைப்பிடி வைத்த நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருக வேண்டும். மூடியிருக்கும் இரும்புக் கதவு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். அந்த வால்வுக்குப் பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டாவதில் டக்கென்று நிற்கும். கை அதைக் கேட்கும். கதவு எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. எண்ணிக்கைதான் கண். கோவிந்தன் தூக்கத்தில் திருகினாலும் பன்னிரண்டு தப்பாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதில்தான் கெட்டது.

மாதையன் பிரெசிடெண்ட் ஆனபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். விடியற்காலை ஐந்தரைக்கு டேங்கடியில் அவருடைய டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கும். இறங்கி, முதல் குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்து, முதலில் மோந்து பார்ப்பார். பிறகு ஒரு வாய் குடிப்பார். குளோரின் கூடினாலும் குறைந்தாலும் மூக்கிலேயே சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல்லை மஞ்சளாக்கும். "நம்ம ஊரு பொண்ணுங்க சிரிக்கறப்ப வாயப் பொத்திக்குதுங்க கோயிந்தா, நாம நல்ல தண்ணி குடுக்கோணும்" என்பார். அவர் பேசியதில் நீளமான பேச்சு அது.

இன்னொரு பழக்கம். யார் எந்தப் புகாரோடு வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "பாத்ததா, கேட்டதா?" எதிர்வீட்டுக்காரன் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று ஒருவன் வருவான். "பாத்ததா, கேட்டதா?" கேட்டது என்றால், "போயிப் பாத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார். பார்த்தது என்றால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்புவார். பார்த்தவன் சொல்லை அவர் இரண்டாம் முறை கேட்டதில்லை.

அவர் பதவியின் கடைசிக் கோடை. ஏரி வெடித்துக் கிடந்தது. போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு நாள், மேட்டுத்தெரு வால்வு இறுக்கமாக இருக்கிறதே என்று குழிக்குள் இறங்கி, சாவி பிடிக்கும் தண்டைச் சுற்றிக் கை நிறைய கிரீஸ் அப்பினேன். அடுத்த நாள் திருகினால் சாவி பூப்போலச் சுற்றியது. ஒன்று, இரண்டு, பன்னிரண்டு, டக். கிரீஸின் மகிமை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மேட்டுத்தெருவில் தண்ணீர் இல்லை. முதல் குழாயில் மட்டும் நூல் மாதிரி ஒழுகும். கீழ்த்தெருவில் வருகிறது, மேட்டுத்தெருவில் இல்லை. கோடை, மேடு, பிரஷர் இல்லை என்று நினைத்தேன். பத்து நாள் பொறுத்த பெண்கள் பதினோராம் நாள் குடத்தோடு வந்து நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பென்னாகரம் போகும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் நின்றது சின்னபாப்பா அக்கா.

"ஏன்டா கோயிந்தா, வால்வத் தொறந்தியா இல்லியா?"

"பன்னெண்டு சுத்து தொறந்தேன்க்கா. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

"தொறந்த தண்ணி எங்கடா போச்சு? ஆவியாப் போச்சா?"

நான் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை எல்லாரும் நம்பினார்கள். அதுதான் விபரீதம். கோவிந்தன் திறந்திருக்கிறான், டேங்கில் தண்ணீர் இருக்கிறது, மேட்டுத்தெருவுக்கு வரவில்லை. அப்படியானால் நடுவில் யாரோ எடுக்கிறார்கள். அந்தக் குழாய் போகும் வழியில் மாதையனின் ஒன்றரை ஏக்கர். ஊரே காய்ந்து கிடக்க, அதில் சாமந்தி மஞ்சளாகப் பூத்திருந்தது. அது அவருடைய கிணற்றில் ஊறிய கொஞ்சம் தண்ணீரைச் சொட்டுக் குழாயில் விட்டு, செடிக்குச் செடி அளந்து வளர்த்த சாமந்தி. எனக்குத் தெரியும். ஆனால் போன தேர்தலில் மேட்டுத்தெரு அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்பது ஊருக்கே தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட எத்தனை நேரமாகும்?

அன்று சாயங்காலம் மாதையன் என்னை வால்வுக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதத் தோண்டி எடுத்துப் பாத்துரலாமா கோயிந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. என் எண்ணிக்கையைச் சந்தேகப்படுகிறாரே! "வேண்டாமுங்க தலைவரே. வால்வுல ஒரு கோளாறும் இல்லீங்க. கதவு முழுசா ஏறுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பாத்ததா, கேட்டதா?"

"பாத்ததுங்க" என்றேன்.

நான் பார்க்கவில்லை. எண்ணினேன். எண்ணியதைப் பார்த்ததாகச் சொன்னேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அது பொய்யாகக்கூடத் தோன்றவில்லை. அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். வால்வை மறந்துவிட்டு, எங்கேயாவது குழாய் உடைந்திருக்கிறதா என்று ஒரு வாரம் ஆள் விட்டுத் தோண்டினார். அதுவும் அவருடைய நிலத்தின் ஓரமாகத் தோண்டும்போது, "திருட்டுக் குழாய மறைக்கறாரு பாரு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவ்வளவுதான். அடுத்த தேர்தலில் தோற்றார். புது பிரெசிடெண்ட் வந்ததும் மேட்டுத்தெருவுக்குத் தனி போர் போட்டு, தனி மினிடேங்க் வைத்தார். பழைய கிளை அப்படியே மண்ணுக்குள் போயிற்று. மினிடேங்க் வந்த அன்றைக்கு மேட்டுத்தெருவில் பொங்கல் வைத்தார்கள். "இத்தன சுலபத்துல முடியற வேலைய அந்த மனுசன் ஏன் பண்ணல? சாமந்திக்கு ஊத்தணுமில்ல!" என்றார்கள். பேர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு மாதையன் மேட்டுத்தெருவுக்குள் கால் வைக்கவில்லை. அவர் நிலத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். அவர் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். மேட்டுத்தெருக் கல்யாணங்களுக்கு மற்ற நான்கு பேருக்கும் பத்திரிகை வைப்பார்கள், அவர் வீட்டைத் தாண்டிப் போவார்கள். மாரியம்மன் பண்டிகையில் முன்னாள் தலைவர்களுக்குத் துண்டு போடும்போது, தன் பேர் வரும் முன்பே எழுந்து போய்விடுவார். ஒருமுறை நான் கேட்டேவிட்டேன்: "ஏனுங்க, நீங்களாவது மைக்கப் புடிச்சு நாலு வார்த்த சொல்லலாமில்ல?" அவர் சிரித்தார். "நான் சொன்னா அவங்களுக்கு அது கேட்டதுதான கோயிந்தா. பாத்ததாகுமா?"

போன தை கழிந்து, வீட்டுக்கு வீடு குழாய் போட புது லைன் தோண்டினார்கள். ஒரு நாள் காலையில் செல்வி போன் பண்ணினாள்.

"அண்ணா, மேட்டுத்தெரு முக்குல ஜேசிபி ஒரு பழைய வால்வத் தூக்கிருச்சு. எடைக்குப் போட்டுரட்டுமா?"

போடு என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ, "இரும்மா, வர்றேன்" என்றேன்.

வால்வு ரோட்டோரம் மண்ணோடு கிடந்தது. நான் அன்றைக்கு அப்பிய கிரீஸ் கறுத்துக் காய்ந்து இன்னும் தண்டில் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, ஒரு பக்கத்து வாயில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டு. கதவு மூடியிருக்கிறது. சரி, மூடிய நிலையில்தானே விட்டோம் என்று, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் செல்வி வால்வைப் பிடித்துக்கொள்ள நான் சாவியைப் போட்டேன். பன்னிரண்டு சுற்று. டக். மறுபடி கண்ணை வைத்தேன்.

இருட்டு.

மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், கதவைப் பிடித்துத் தூக்க வேண்டிய பித்தளை மரை மட்டும் தண்டில் ஏறி மேலே போய் நின்றது. மரையைப் பிடித்திருந்த இரும்புக் காது உடைந்து, கதவு கீழேயே கிடந்தது. அதனால்தான் அன்று சாவி பூப்போலச் சுற்றியது. கதவின் கனம் இல்லை. நான் அதைக் கிரீஸின் புண்ணியத்தில் எழுதிவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே. பாவம் என் கையில் இருந்திருக்கிறது.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கதை தெரியும், ஊரில் யாருக்குத்தான் தெரியாது? "அண்ணா, நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்றாள் மெதுவாக. அதை நல்ல மனசோடுதான் சொன்னாள்.

வால்வைச் சாக்கில் கட்டி வண்டியில் வைத்து, ஏரிக்கரை வழியாக மாதையன் நிலத்துக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்து பூக்கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், கை கொஞ்சம் நடுங்குகிறது. நான் வால்வை அவர் முன்னால் வைத்துத் திருகிக் காட்டினேன். குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நீ எண்ணினதா?"

"ஆமாங்க. பாக்கலீங்க. பாத்தன்னு சொல்லிட்டனுங்க."

கயிற்றை முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து இறுக்கினார். "செரி, எடைக்குப் போட்டுரு."

"போட மாட்டனுங்க."

"பதினாலு வருசமாச்சுய்யா. ராமரே வனவாசம் முடிச்சுத் திரும்பியிருப்பாரு. இப்பப் போயி உம் பேரக் கெடுத்துக்காத. எம் பேருதான் போச்சு, உன்னதாவது இருக்கட்டும்."

சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தைக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் கிராம சபைக் கூட்டம். மாதையன் வரமாட்டார் என்று தெரியும், வரவில்லை. தனி அலுவலர் தீர்மானங்களைப் படித்து முடித்து, "வேற ஏதாவது?" என்றார். நான் எழுந்து போய் வால்வை அவர் மேஜை மேல் வைத்தேன். மேஜை ஒருபக்கம் சாய்ந்தது. கூட்டம் சிரித்தது.

டீக்கடைக்காரர் கத்தினார்: "என்னப்பா டேங்க்காரரே, ரிட்டயராகியும் சாவிய வுட மாட்டீங்களா?"

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். கிரீஸ், பூப்போலச் சுற்றிய சாவி, வால்வைத் தோண்டலாமா என்று அவர் கேட்டது, பார்த்தேன் என்று நான் சொன்னது. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "இதெல்லாம் எலெக்சன் வருதுன்னு செட்டப்பு" என்றான்.

"கேட்டு நம்ப வேண்டாமுங்க. வந்து பாருங்க" என்றேன்.

முதலில் எழுந்தது சின்னபாப்பா அக்கா. முட்டி வலியோடு தாங்கித் தாங்கி வந்தார். சாவியைப் பிடித்தார், நான் வால்வைப் பிடித்துக்கொண்டேன். அவரே திருகினார், சத்தமாக எண்ணிக்கொண்டே. "பத்து... பதனொண்ணு... பன்னெண்டு." டக். குனிந்து ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்தார்.

"ஒண்ணும் தெரியிலியே."

"தண்ணி போற வழிக்கா அது. தெரியணும். கதவு வுழுந்து கெடக்குது."

நிமிர்ந்தார். "அப்ப சாமந்தி?"

"அவரு கெணத்துத் தண்ணி."

"அப்ப அந்தக் கோட பூரா எம் மருமவ வயித்துப் புள்ளையோட காட்டுக் கெணத்துல தண்ணி சொமந்தது?"

"என்னாலதான்க்கா."

"அப்ப நாங்க அந்த மனுசனத் திட்டுன திட்டெல்லாம் உன்னோடதா?"

"ஆமாக்கா."

"வாங்கிக்க அப்ப" என்று ஆரம்பித்தார் பாருங்கள். தனி அலுவலர், "அம்மா, அம்மா" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அக்கா நிறுத்தவில்லை. என் எண்ணிக்கை, என் கிரீஸ், என் வாய்க் கொழுப்பு, எட்டாவதோடு நின்ற என் படிப்பு, ஒன்றையும் விடவில்லை. அவர் மூச்சு வாங்கியபோது பின்னாலிருந்து இன்னொரு பெண் தொடர்ந்தாள். எனக்கு ஒன்று சொல்லட்டுமா? கோடையில் ஒகேனக்கல் அருவியில் தலையைக் கொடுத்து நின்ற மாதிரி இருந்தது. விழ விழ உடம்பு லேசாயிற்று. வேறொருவர் தலையில் பதினான்கு வருஷமாகக் கொட்டியது இப்போது சரியான தலையில் கொட்டுகிறது என்ற நிம்மதி.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களும் வரிசை கட்டி நின்றார்கள். எண்பது வயதுக்காரரிலிருந்து நேற்றுக் கல்யாணமாகி வந்த பெண் வரைக்கும் ஆளுக்கொரு தடவை திருகி, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். செட்டப்பு என்றவனும் வந்தான். பார்த்தான். போய் உட்கார்ந்தான்.

மேட்டுத்தெருவிலிருந்து யாரும் மாதையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. நான்கு நாள் கழித்து, பேத்தி பெரியவளான சீருக்கு அச்சடித்த பத்திரிகையோடு சின்னபாப்பா அக்கா போனார். உள்ளே போகாமல் வாசலில் நின்றே, "தெருவழியா வந்தா அஞ்சு நிமிசம். ஏரிக்கரையச் சுத்துனீங்கன்னா பந்தியில சோறு தீந்துரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். மாதையன் மனைவி சொன்னார்.

சீரன்று காலையில் நான் மேட்டுத்தெருவில் பந்தலுக்குத் தண்ணீர் பிடிக்க செல்வியோடு நின்றிருந்தேன். டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. மாதையன் வண்டியின் முன்னால் ஒரு கூடைச் சாமந்தி. தெருமுக்கில் வால்வுக் குழி இருந்த இடத்தில் வண்டி கொஞ்சம் தயங்கியது. அப்புறம் உள்ளே வந்தது.

குழாயடியில் இருந்த ஒரு பெண் உரக்கச் சொன்னாள்: "ஆயா, சாமந்திப் பிரெசிடெண்டு வந்துட்டாரு!"

எனக்குத் திக்கென்றது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டே கூடையை இறக்க ஓடினாள். ஒட்டிய பேர் ஒட்டியதுதான். அதைச் சொல்லும் வாய்தான் மாறியிருந்தது.

சின்னபாப்பா அக்கா ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார். மாதையன் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகாமல் மூக்குக்குக் கொண்டுபோனார்.

அக்கா இடுப்பில் கைவைத்தார். "ஏனுங்க, வெசமா கலந்து வெச்சிருக்கேன்?"

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கோயிந்தா, குளோரின் பத்தலியே."

"நாந்தான் ரிட்டயராயிட்டனுங்களே தலைவரே" என்றேன்.

செல்வி அதற்குள் டேங்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். பத்தடி போனவளை அவர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மேல ஏறிப் பாரும்மா. எண்ணிட்டு வந்துராத."